தை முதல் பங்குனி வரை: நம் வயல்களைப் படம் பிடித்தவர்கள்



மார்கழி பிறந்தால் நம் சங்கத்து வாட்ஸப் குழுவில் பனிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். மொட்டை மாடியிலிருந்து தெரியும் ராஜகோபுரம், பாதி மறைந்த தென்னந்தோப்பு, ஹரித்ராநதிக் கரை, கேட் வாசலில் நம் வீட்டுப் பெண்கள் போட்ட கோலம். தையில் கரும்பும் பொங்கல் பானையும். மாசியில் பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கியதும் மேல்மாடிக்காரர்கள் அத்தனை பேரும் வீடியோ. பங்குனியில் வெண்ணெய்த்தாழி. சித்திரை வந்துவிட்டால் ஜன்னலைத் திறக்கக்கூட யோசனையாக இருக்கும், படமாவது ஒன்றாவது.

இந்த இதழுக்குப் பழைய காலத்தைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, இந்தப் படங்களின் முன்கதையையே எழுதலாம் என்று தோன்றியது. பனி முடிந்து வேனில் தொடங்கும் இந்த மூன்று மாதத்தில் நம் பக்கத்து ஊர்களை முதலில் படம் பிடித்தது யார், எதைப் பிடித்தார்கள், எதை விட்டார்கள்? நான் புகைப்படக் கலைஞன் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன். கணக்கில் வராத பதிவு எது என்று தேடுவது மட்டும் பழக்கத்தில் வந்துவிட்டது.

முதலில் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலப் புத்தகத்து ஸ்பிரிங் நமக்குக் கிடையாது. பனி உருகி ஆறு ஓடும் ஊர் இல்லை இது; இங்கே பங்குனியில் ஆறு வற்றிவிடும். நம் முன்னோர் வகுத்தபடி மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். விவசாயி வேறு காலண்டர் வைத்திருக்கிறார். வழக்கமான வருடமாக இருந்தால் ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 மேட்டூர் அடைப்பு. அடைக்கும்போது சம்பா தலை சாய்ந்து நிற்கும். அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற கதிருக்குள் நடந்துபோய் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் விடியற்காலைப் பனியையும் குடித்தே பயறு வளரும். தனியாக உழவு இல்லை, தண்ணீர் இல்லை. வெளியூர்க்காரர் பார்த்தால் வெறும் தாள். உட்கார்ந்து பார்த்தால் தாளுக்கு நடுவே பச்சை. நமக்கு வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் இதைப் படமாக எடுத்தவர்கள் குறைவு, காரணம் எளிது: குனிந்தால்தான் தெரியும்.

நம் பகுதிக்கு முறையாகக் காமிரா வந்தது 1858இல். அதுவும் சரியாக இந்தப் பருவத்தில். லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரியை 1856இல் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. பிரான்ஸில் டாகேர் கண்டுபிடித்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 ஆகஸ்ட் 19. அதிலிருந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட டிரைப், சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றி, பங்குனி வெயிலில் தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் வந்து, ஏப்ரல் கடைசியில் சென்னை போய்ச் சேர்ந்தார்.

அப்போது பிலிம் கிடையாது. மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். பெரிய பெட்டிக் காமிரா, ரசாயனப் புட்டிகள், கூடாரம், சுமக்க வண்டிகள், ஆட்கள். ஐயாசாமி என்ற தமிழர் அவருக்கு உதவியாளராக இருந்து தொழில் கற்றுக்கொண்டு, பிறகு சென்னைக் கலைப் பள்ளியில் புகைப்படக்காரராக வேலை பார்த்தார். நம்மவர் ஒருவர் அந்தக் காலத்திலேயே இந்தத் தொழிலில் நின்றிருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

டிரைப் எடுத்தது கோயில்கள், கோட்டைகள், அரண்மனைகள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கினார். கல்வெட்டு ஆராய்ச்சிக்கு அரசுக்கு அது தேவைப்பட்டது. இன்று பார்த்தாலும் மலைப்பான வேலைதான். அந்தப் படங்களில் மனிதர்கள் அபூர்வம். காகித நெகட்டிவில் ஒளி பதிய நேரம் பிடிக்கும். அசைகிற எதுவும் பதியாது, அல்லது புகை மாதிரிக் கலங்கிப் போகும். கல் அசையாது, பதிந்தது. களத்தில் கட்டு அடிக்கிறவர் அசையாமல் நிற்க முடியுமா? அவர் வரும் வழியெல்லாம் அறுவடைக் காலம். ஆனால் அறுத்தவர்களை அவரால் எடுக்கவும் முடியாது, எடுக்கச் சொல்லி உத்தரவும் இல்லை. 1859இல் கவர்னர் டிரெவெல்யன், அரசாங்கத்தின் நிதி நிலைக்கு இது ஆடம்பரச் செலவு என்று அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார். செலவைக் குறைக்க வேண்டுமானால் முதலில் கைவைக்கும் இடம் அன்றும் இதுதான்.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றும் விஷயம் ஒன்று உண்டு. டிரைப் படம் எடுத்த அதே கோயிலின் சுவர்களில் ராஜராஜ சோழன் வெட்டி வைத்த கல்வெட்டுகளில் சாதாரண மனிதர்களின் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. கோயில் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருடம் 100 கலம் நெல். விளக்கெரிக்க நெய் அளக்க வேண்டிய இடையர்கள் பெயரோடு இருக்கிறார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. ஒரு நல்ல பேங்க் லெட்ஜர் மாதிரி. ஆயிரம் வருடத்துக்கு முன் உளி பிடித்தவன் கையில் ஏறிய பெயர்கள், காமிரா வந்த பிறகு வெகுகாலத்துக்குக் காணாமல் போயின. முகம் வந்தது, பெயர் போயிற்று.

எப்படிப் போயிற்று என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சை ஜில்லா மற்ற ஜில்லாக்கள் அளவுக்கு அடிபடவில்லை. வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். கிராமத்து ஏழை மக்கள் காமிராவுக்கு நேராக வந்ததில் அதிகம் பேசப்பட்ட சந்தர்ப்பம் அது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், பிழைத்தாரா என்று எதுவும் கிடையாது. படம் எடுத்தவர் சோறு கொடுத்தாரா என்று அன்றே கேட்டிருக்கிறார்கள். அடுத்தது எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர், கே. ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். அதிலும் படங்கள் உண்டு. கீழே சாதிப் பெயர் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. மண்டையோட்டை அளந்து, மூக்கை அளந்து, ‘மாதிரி’ என்று போட்டுவிட்டார்கள். துணிக்கடையில் சாம்பிள் வெட்டி ஒட்டுவது போல.

நம்மவர்களுக்கும் காமிராவிடம் பயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று என் பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பல வீடுகளில் தாத்தாவுக்குப் படமே இல்லாததற்கு வறுமை பாதி, இது பாதி.

பிறகு ஊருக்கு ஊர் ஸ்டுடியோ வந்தது. பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் என்று பாண்டிச்சேரியில் 1955 முதல் இயங்கும் ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்திருக்கிறது. கல்யாண ஜோடி, வளைகாப்பு, பூ வைத்துப் பின்னிய ஜடை கண்ணாடியில் தெரிய நிற்கும் பெண், மொட்டை போட்ட குழந்தை, இறந்தவரை உட்காரவைத்து எடுத்த படம். தமிழர் குடும்ப வரலாறே அதில் இருக்கிறது. வயல் மட்டும் இல்லை. பின்னாலே எழுதிய திரையில் மாளிகைப் படிக்கட்டும் நீரூற்றும். பக்கத்தில் முக்காலி, பூச்சாடி. ஸ்டுடியோக்காரர் கோட்டு வைத்திருப்பார், கைக்கடிகாரம் வைத்திருப்பார், பவுடரும் சீப்பும் வைத்திருப்பார். காலை வரை சேற்றில் நின்ற மனிதர், காலைக் கழுவிக்கொண்டு வந்து ராஜா மாதிரி நின்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வருடம் முழுவதும் பார்க்கிற வயலைக் காசு கொடுத்துப் படத்திலும் பார்ப்பானேன்? சேற்றை மறைக்கும் உரிமை அவருக்கு உண்டு.

காணும் பொங்கலன்று நம் ஊர் ஸ்டுடியோ வாசல்களில் புதுச்சட்டை வரிசை நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பங்குனித் திருவிழாவில் தற்காலிகக் கொட்டகை போட்டு, அட்டை மோட்டார் காரில் உட்காரவைத்து எடுப்பார்கள். அறுவடைக் கூலி கையில் இருக்கும் மாதங்கள் அவை. ஸ்டுடியோக்காரர் வியாபாரமும் தை, மாசி, பங்குனிதான். ஆடியில் ஈ ஓட்டினார்கள். ஆக நம் வட்டாரத்துப் பழைய படங்களில் பெரும்பகுதி இந்தப் பருவத்தில் எடுத்தவைதான் என்று நான் கணக்குப் போடுகிறேன். பருவம் படத்துக்கு வெளியே, மடியில் முடிந்த காசாக இருந்தது.

வயலுக்குள் காமிரா போக, அது மலிவாக வேண்டியிருந்தது. பாக்ஸ் காமிரா, பிறகு பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக், ஒரு ரோலுக்குப் 12 படம். கருப்பு வெள்ளை பிலிம் நம் உதகமண்டலத்திலேயே தயாரானது. 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்தியை ஆரம்பித்து ‘இந்து’ என்ற பெயரில் விற்றது. ஆனாலும் 12 படம் என்றால் 12தான். அக்கா கல்யாணத்துக்கு 8, மாட்டுப் பொங்கலன்று கொம்பு சீவிய காளைக்கு 1, மிச்சம் காமிராவுக்குள்ளேயே ஆறு மாதம் கிடக்கும். அப்படி எடுத்த படங்களில் தற்செயலாக ஓரத்தில் வந்து விழுந்தவைதான் இன்று பொக்கிஷம்: மாட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர், அதற்குப் பின்னால் பதர் தூற்றும் பெண்கள், களத்து மேட்டில் மரக்காலும் சாக்கும். அவர்கள் படத்துக்கு நிற்கவில்லை. படம் அவர்கள் மேல் பட்டுவிட்டது.

இனி நான் நேரில் பார்த்த காமிராவுக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தது. ஐ.ஆர்.டி.பி. லோன் என்றால் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், சின்னக் கடை. கடனில் பாதி வில்லங்கம் மாட்டில்தான். ஒரே மாட்டைக் காட்டி நாலு பேர் கடன் வாங்கிவிடக் கூடாதே என்று, மாட்டின் காதில் இன்சூரன்ஸ் வில்லையை மாட்டி, பயனாளியையும் மாட்டையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டச் சொன்னார்கள் எங்கள் கிளையில். வாரத்தில் ஒரு நாள் ஸ்டுடியோக்காரர் சைக்கிளில் காமிராப் பையோடு வருவார். ஊர்ப் பொதுத்திடலில் இருபது மாடு, இருபது பேர். பெரும்பாலும் பெண்கள், விவசாயக் கூலிகள். மாசி மாதத்தில்தான் அதிகம் நடக்கும். மார்ச் 31க்குள் இலக்கை முடிக்க வேண்டுமே! பேங்க்காரனுக்கு இளவேனில் என்றால் இயர் எண்டிங்.

அந்தப் பெண்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் படம் அது. கல்யாணத்தில்கூட எடுத்திருக்க மாட்டார்கள். எப்படி நிற்பது என்று தெரியாமல் மாட்டைப் பார்ப்பார்கள், மாடு வேறு பக்கம் பார்க்கும். தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. கூடவே, மாட்டுக்கும் ஒரு மாலை.

ஒரு அம்மா கடனை முழுக்க அடைத்த அன்று கவுண்டருக்கு வந்து, “பத்திரத்தை நீங்களே வெச்சுக்குங்க சார், அந்தப் படத்தைக் குடுத்துடுங்க” என்றார். விண்ணப்பத்தோடு ஒட்டிய படம் ஃபைலோடு போக வேண்டியது, விதியில் இடமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். நல்ல வேளை, நெகட்டிவ் இருந்தது. “ஏம்மா, மாட்டை மறைச்சு உன்னை மட்டும் பெரிசாப் போட்டுத் தரவா?” என்றார் ஸ்டுடியோக்காரர். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. “இருக்கட்டும்யா, கடனை அடைச்சது அதுதானே” என்றார். போஸ்ட் கார்டு அளவில் ஒரு பிரிண்ட், மாட்டோடு.

இப்படி எத்தனை ஆயிரம் படங்கள் நாடு முழுக்க லோன் ஃபைல்களில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டெல்டாவின் நிலமற்ற மக்களை, அவரவர் ஊரில், வெயிலில், பெயரோடும் அப்பா பெயரோடும் ஊரோடும் தேதியோடும் எடுத்த படத்தொகுப்பு. டிரைப்பும் தர்ஸ்டனும் செய்யாததை ஒரு கடன் திட்டம் தன்னை அறியாமல் செய்தது. காலக்கெடு முடிந்த ஆவணங்கள் எங்கும் அழிக்கப்படுவது போல அவையும் போய்விட்டன. 1994 முதல் புதிய சேமிப்புக் கணக்குக்கே படம் கட்டாயமானது. 1993இல் சேஷன் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். 1998இல் வந்த கிசான் கிரெடிட் கார்டிலும் படம். ஆனால் இவையெல்லாம் பாஸ்போர்ட் சைஸ். முகம் மட்டும், மாடு இல்லை, திடல் இல்லை, வெயில் இல்லை. இன்றும் கிராமத்தில் ஒருவர் இறந்தால் கண்ணீர் அஞ்சலி பேனருக்குத் தேடி எடுப்பது வாக்காளர் அட்டையைத்தான். கண்ணை முழித்தபடி இருக்கும் அந்த முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் மேகமும் இரண்டு புறாவும் வைத்து அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஓர் அரசுத் திட்டம் நடந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கிராமங்கள் பட்ட பாட்டைப் பதிவு செய்ய, ராய் ஸ்டிரைக்கர் என்பவரின் தலைமையில் புகைப்படக்காரர்களைச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். டாரத்தியா லாங் என்ற அம்மையார் 1936 மார்ச்சில், கலிபோர்னியாவில் நிபோமோ என்ற ஊரில், உறைபனியில் பட்டாணிப் பயிர் கருகி வேலை இல்லாமல் கூடாரத்தில் கிடந்த ஒரு தாயைப் படம் எடுத்தார். உலகம் முழுக்கத் தெரிந்த படம் அது. அவர்களுக்கும் குளிர் முடிந்து வசந்தம் வரும் நேரம்தான். லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற அந்தப் பெயர் வெளியே தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை என்று அந்த அம்மா வருத்தப்பட்டிருக்கிறார். ஆனால் அங்கே நெகட்டிவ்களை அழிக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் அவர்களுடைய காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாம் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அலமாரியைத்தான்.

நம் நாட்டில் அதற்குக் கிட்டத்தட்ட ஈடாகச் சொல்லக்கூடியது, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகம். இணையத்தில் இலவசம், தமிழிலும் படிக்கலாம். அதில் ‘முகங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஆண், பெண், சிறுவர் என்று முகங்களைச் சேர்க்கிறார்கள். படத்துக்குக் கீழே பெயர் இருக்கும், தொழில் இருக்கும், ஊர் இருக்கும். சாய்நாத் அவர்களே 1990களில் பத்து மாநிலங்களில் வேலை செய்யும் பெண்களைப் படம் எடுத்துக் கண்காட்சியாக ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அதில் என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன விஷயம்: நடவு என்றால் பெண்கள் எத்தனை மணி நேரம் குனிந்திருக்கிறார்கள் என்பதே விஷயம், அவர்கள் முகம் தெரிய வேண்டுமென்று யாரையும் நிமிரச் சொல்லவில்லை.

பாரியில் பணிபுரியும் எம். பழனி குமார் மதுரைப் பக்கத்துக்காரர். மீன் விற்று வளர்த்த தாயின் மகன். கடன் வாங்கிக் காமிரா வாங்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார். (காமிராவுக்குக் கடன் கேட்டு வந்தவர்களை எங்கள் கிளையில் ஆடம்பரப் பொருள் என்று திருப்பி அனுப்பியதுண்டு, டிரெவெல்யன் பரம்பரை.) மலக்குழிகளில் இறங்கும் தொழிலாளர்களையும், கடலோரத்துப் பெண்களையும் வருடக் கணக்கில் தொடர்ந்து எடுத்துவருகிறார். தயானிதா சிங்கின் பெயரால் பாரி வழங்கும் ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. அவர் படங்களில் இருப்பவர்கள் காமிராவைப் பார்த்துப் பயப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எடுக்கிறான் என்கிற தைரியம் முகத்தில் தெரிகிறது.

தன்னைத் தானே படமாக்கிக்கொள்ள வேண்டிய நிலைமையும் டெல்டாவுக்கு வந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்து, காவிரியும் வராமல், 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தத் தையில் நம் பக்கம் அறுக்க ஒன்றும் இல்லை. காய்ந்த சம்பாவில் மாடு மேய்ந்தது. மார்ச் 14ஆம் தேதி அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளை முன்னால் வைத்து உட்கார்ந்தார்கள். எலியை வாயில் கவ்வினார்கள். 41 நாள். நம் வீடுகளிலேயே “இதென்ன கூத்து?” என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் வயலைப் படம் எடுத்தால் எந்தப் பத்திரிகை போடும்? ஒன்றும் விளையாத நிலம் படத்தில் ஒன்றுமில்லாத இடம்தான். காமிரா எதைத் திரும்பிப் பார்க்கும் என்று அந்தப் பெரியவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

இப்போது கிராமத்தில் காமிராவுக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த தென்னையை ஒவ்வொன்றாகப் போனில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கணக்கெடுக்க வந்தவர்களிடம் பேசினோம். 2023 பிப்ரவரி முதல் வாரம் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுக்க நின்ற சம்பா படுத்து, மணி முளைத்தபோதும் அப்படியே. கொள்முதல் நிலையத்தில் நனைந்த நெல்லின் படம் அரை மணி நேரத்தில் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகிறது. நல்லதுதான். நூறு நாள் வேலைத் தளத்தில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் செயலி வழியாக வருகை. காலையும் மாலையும் இருமுறை, இடமும் நேரமும் பதியத் தொழிலாளர்களின் படம். அறுபது வயதுப் பெண்மணிகள் வேலை முடிந்தும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி கேள்விக்குறி. பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. இந்திய கிராமங்களை இந்த அளவுக்குத் தினமும் யாரும் படம் எடுத்ததில்லை. கோடிக்கணக்கான படங்கள், ஒன்றுகூட அந்தப் பெண்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கில்லை. எங்கள் ஐ.ஆர்.டி.பி. மாட்டுப் படம் எவ்வளவோ தேவலை.

மறுபக்கம், அழகுப் படங்கள். தை பிறந்தால் வெளியூரிலிருந்து பெரிய லென்ஸோடு இளைஞர்கள் வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் பெல்ட் மெஷின் ஓடும் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கோ ஒரு ஜோடி உழவு மாட்டைத் தேடிப் பிடித்து, கிழவரைத் தலைப்பாகை கட்டச் சொல்லி எடுக்கிறார்கள். பொங்கல் வாழ்த்து அட்டையில் வரைந்திருந்ததை இப்போது போட்டோவாக எடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மெஷின் ஓட்டுகிற பையன், வைக்கோலை உருட்டுக் கட்டாகக் கட்டும் வண்டி, சாக்கைத் தூக்கி லாரியில் ஏற்றும் கொள்முதல் நிலையத்துச் சுமைப்பணியாளர், உளுந்து பறிக்கும் பெண்கள், இவர்கள்தான் இன்றைய மாசி மாதம். ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர்களுக்கு இவர்கள் வேண்டும்.

ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. பழைய கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றதும், பிலிம் சுருள்களை வெள்ளி எடுக்கக் கிலோ கணக்கில் போட்டதும் தமிழ்நாடு முழுக்க நடந்தது. மிச்சமிருப்பது வீடுகளில்தான். நம் குடியிருப்பிலேயே பாதிப் பேர் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பரணில் இருக்கும் ஆல்பம் அடுத்த வீடு மாற்றலில் பழைய பேப்பர்காரருக்குப் போகும். ஆல்பத்தில் சின்னம்மா இருப்பார், சித்தப்பா இருப்பார். ஓரத்தில் தலையில் கட்டோடு வரப்பில் நடக்கும் ஒருவர் இருப்பார். அவர் பெயர் தெரிந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் நம் சி பிளாக்கிலும் டி பிளாக்கிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு ஏற்பாடு. செயற்குழுவில் பேசி ஒப்புதல் வாங்கியாயிற்று. மாசி மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் ஸ்கேனரோடு இருப்பேன். டி பிளாக்கிலிருந்து இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் உதவிக்கு வருகிறார்கள். கல்யாணப் படம் வேண்டாம்; அறுவடை, களம், மாடு, பயறு பறிப்பு, திருவிழாக் கூட்டம், வெள்ளம், இவை இருந்தால் கொண்டுவாருங்கள். ஒரிஜினலை அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம், ஆல்பத்தோடு கொண்டுவாருங்கள். பழைய படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். ஊர், வருடம் தோராயமாக, படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக. ஓரத்தில் இருப்பவர் பெயரையும், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, வரும்போதே எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.